நானூற்றுப் பத்து ரூபாய் டாங்கி

கஸ்பாருக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது இடது காதுதான். பட்டாளத்தில் பதினேழு வருஷம் டாங்கி ஓட்டியதில் அந்தக் காதுக்குப் பாதிதான் கேட்கும். ஆனால் சிவக்கிற வேலையை மட்டும் குறைவில்லாமல் செய்யும். திண்டுக்கல்லில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு அவர் நின்ற காலத்தில், பணம் எடுக்க வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காதைத்தான் பார்ப்பார்கள். சிவந்திருந்தால் அவரிடம் மணி கேட்க மாட்டார்கள், பேனா கேட்க மாட்டார்கள், பேசாமல் உள்ளே போய்விடுவார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் முக்கால்வாசி நாள் அந்தக் காது சிவந்தே இருந்தது. காரணம் ஒரு பிளாஸ்டிக் டாங்கியின் விலை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர் குடியிருந்த மேட்டுப்பட்டியே சிரித்தது. நாற்பத்தெட்டு வயசு ஆள், மீசை நரைத்த ஆள், மாசம் பிறந்தால் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிப்போய் வெளிநாட்டுச் சாமான் கடையில் பொம்மை டாங்கி வாங்கி வருகிறார் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஆனால் 'பொம்மை' என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. சொன்ன ஒருத்தனை, மச்சினன் என்றும் பார்க்காமல், சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு அனுப்பியவர் அவர்.

"பொம்மைன்னா ராட்டினத்துக் கடையில விக்கிறது. இது அளவு. நெச வண்டியில முப்பத்தஞ்சு அங்குலம் இருந்தா இதுல ஒரு அங்குலம். மசுரளவு கூட கூடாது, கொறையாது. தெரியாட்டி வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்பார்.

அளவு. அந்தச் சொல்லில்தான் அவருடைய மானமே இருந்தது. அதைச் சொல்ல எழுபத்தொன்றாம் வருஷ டிசம்பருக்குப் போக வேண்டும்.

பஞ்சாப் எல்லையைத் தாண்டி ஒரு கரும்புக் காடு. செஞ்சூரியன் டாங்கி ஒன்றில் நாலு பேர். முன்னால் வலது பக்கம், ஆள் ஒருத்தன் உட்காரும் பொந்தில் டிரைவர் கஸ்பார். தலைக்கு மேலே இரும்பு மூடி. அவருக்குப் பின்னால், மேலே சுற்றுகிற தலைப்பகுதியில் மற்ற மூன்று பேர்: கமாண்டர், குண்டு நிரப்புகிற சர்தார், பீரங்கியைத் திருப்பிக் குறிபார்த்துச் சுடுகிற பெருமாள்சாமி. பெருமாள்சாமி பழநிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். கஸ்பாரைவிட மூன்று வயசு இளையவர். வடக்கே கோதுமை ரொட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் திண்டுக்கல் பிரியாணியைப் பற்றியே ஏழு வருஷம் பேசியிருக்கிறார்கள். ஒருத்தர் தட்டில் இன்னொருத்தர் கைவைத்துச் சாப்பிட்ட சிநேகம்.

வலது பக்கம் எதிரி வண்டி தெரிந்தது. பெருமாள்சாமி பீரங்கியை அந்தப் பக்கம் திருப்பித் தாழ்த்தினார். சுடுவதற்குள் எதிரி சுட்டுவிட்டான். வண்டி அப்படியே நின்றது, பீரங்கியும் அப்படியே நின்றது. நின்ற இடம் டிரைவருடைய மூடிக்கு நேர் மேலே. கஸ்பார் மூடியைக் கையால் தள்ளினார், முதுகால் முட்டினார், தலையால் இடித்தார். இரண்டு விரல் உயரம் எழும்பிப் பீரங்கிக் குழாயில் முட்டி நின்றது. உள்ளே பின்பக்கம் போகிற வழியில் தீ. அந்தத் தீக்கு அந்தப் பக்கம் பெருமாள்சாமி அலறினார்.

"கஸ்பாரண்ணா! வாங்ணா! தூக்கி விடுங்ணா!"

எத்தனை நேரம் அலறினார் என்பது கஸ்பாருக்கு மட்டும் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேறு வண்டிக்காரர்கள் ஓடிவந்து பெருமாள்சாமியை மேல்வழியாகத் தூக்கிப் போனார்கள். தீயை அணைத்து, உள்ளே ஒருத்தன் இறங்கிக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பீரங்கியை நகர்த்திய பிறகுதான் கஸ்பாரின் மூடி திறந்தது. அதற்குள் அரைமணி போய்விட்டது. கமாண்டர் அங்கேயே செத்தார். சர்தார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செத்தார். பெருமாள்சாமிக்கு உயிர் இருந்தது, இரண்டு கண்ணும் போய்விட்டது.

கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெருமாள்சாமி கேட்ட முதல் கேள்வி, டிரைவருக்கு என்ன ஆச்சு என்பது. ஒரு கீறல்கூட இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு முடிவு பண்ணிக்கொண்டார். 'நான் வெந்துட்டிருக்கறப்ப அந்த ஆளு பொந்துக்குள்ள பத்திரமா உக்காந்துட்டிருந்தானுங்க.'

இந்தப் பேச்சு கஸ்பாருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. பழநி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று பட்டாளத்திலிருந்து திரும்பியவன் இருக்கிற ஊரெல்லாம் பரவியது. எண்பத்து மூன்றில் மாஜி ராணுவத்தார் கூட்டம் ஒன்றுக்குப் போனார் கஸ்பார். நாற்காலி போதாமல் பத்துப் பேர் சுவரோரம் நிற்க, அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடந்தது. டீ கொண்டு வந்தவன்கூட அவரை விட்டுத் தாண்டிப் போனான். எழுந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கிருந்து பழநி, பழநியிலிருந்து பாலசமுத்திரம். நடந்ததை நடந்தபடி சொன்னார்.

பெருமாள்சாமி சிரித்தார்.

"கண்ணால பாத்தா நம்பறனுங்க டிரைவரு. பாக்கறதுக்குத்தான் எனக்குக் கண்ணில்லையே. போய்ட்டு வாங்க."

'டிரைவரு'. ஏழு வருஷம் அண்ணா என்று கூப்பிட்ட வாய். திரும்பிவரும் பஸ் முழுக்க அந்தக் காது தணியவே இல்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கண்ணில்லாதவனுக்குக் கை இருக்கிறதே.

கையால் தொட்டுப் பார்க்க ஒரு வண்டி வேண்டும். செஞ்சூரியனாகவே இருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும். முதலில் அகப்பட்டதோ மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் ஒரு போலி. அறுபத்தைந்து ரூபாய். பெட்டியில் செஞ்சூரியன் படம் போட்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் கஸ்பார் காசை எடுத்து நீட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியில் துண்டு துண்டாக இருந்ததை ஒட்டி வண்டியாக்கினார். டிரைவர் மூடியைப் பிளேடால் அறுத்தெடுத்து, குண்டூசியை வெட்டிக் கீல் வைத்தார். பீரங்கியை வலது பக்கம் திருப்பித் தாழ்த்தினார். மூடியை நகத்தால் நெம்பினார்.

திறந்துகொண்டது. தாராளமாக, ஒரு உரசல் இல்லாமல் திறந்துகொண்டது.

கஸ்பார் ஆடிப்போனார். மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். அன்றைக்கு வங்கிக்கும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. பனிரெண்டு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த ஒரு கேள்வி அந்தப் பிளாஸ்டிக் மூடிக்குள்ளிருந்து எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அன்றைக்கும் திறந்திருக்குமோ? நான்தான் பயந்து போய் உள்ளேயே இருந்துவிட்டேனோ? இரண்டு விரல் உயரம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேனோ?

அப்புறம் ஒரு நாள் அடிக்குச்சியை வைத்து அளந்தார். குழாய் அரை அங்குலம் குட்டை. உயரத்தில் கோளாறு, உடம்பு அகலத்தில் கோளாறு. செய்தவன் செஞ்சூரியனைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான், படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக வார்த்திருக்கிறான். அந்த அறுபத்தைந்து ரூபாய்ப் பொய்யைத் தரையில் வைத்துப் பூட்ஸ் காலால் மிதித்தார். அளவில்லாத சாமான் மேல் அவருக்கு ஏன் அப்படி ஒரு வெறி என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம்தான் வத்தலக்குண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்துல் ஜப்பார் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கொடைக்கானல் போகிறவர்கள் பஸ் நிற்கிற நேரத்தில் இறங்கி சோப்பு, சென்ட், டார்ச், கேசட் என்று வாங்கிப் போவார்கள். ஜப்பாரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஆறு மாசத்துக்கு ஒருமுறை மூட்டையோடு வருவார். அந்தச் சாமானுக்கு நடுவில் ஒருநாள் ஜப்பானியப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஜெர்மன் டாங்கி. எழுபது ரூபாய். வாங்கி ஒட்டிப் பார்த்த கஸ்பாருக்குக் கண் விரிந்தது. ஆணித்தலை ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. சங்கிலியில் பல் எண்ணிக்கைகூடப் பிசகவில்லை. இந்தக் கம்பெனிக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று முடிவுகட்டினார்.

"பாய், இதே கம்பெனியில செஞ்சூரியன் வருமா?"

"மச்சானுக்கு எழுதறேன். வந்தா நூத்தி அறுபது ஆகும் மிலிட்டரி."

"நூத்தி அறுபதா? இந்தா, இது எழுபதுதான!"

"அங்க வெலை ஏறுது. பெட்டி பெருசு வேற. மச்சான் இதைத் தூக்கினா ரெண்டு டஜன் சென்ட் பாட்டிலை விட்டுட்டுல்ல வரணும்?"

கஸ்பாருக்குச் சந்தேகம் வந்தது. தான் பறந்ததைப் பாய் கண்டுகொண்டார், அதனால்தான் ஏற்றுகிறார் என்று நினைத்தார். பட்டாளத்து மூளை அல்லவா, உடனே ஒரு தந்திரம் பண்ணியது. இனிமேல் செஞ்சூரியன் பேச்சை எடுக்கக் கூடாது. ஆசையில்லாத மாதிரி ஜெர்மன் டாங்கியும் ரஷ்ய டாங்கியும் வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். செஞ்சூரியன் விலையை வேறு ஆள் விட்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, கேட்டுவரச் சொல்ல வேண்டும்.

முதலில் அச்சாபீஸில் வேலை செய்யும் மச்சினன் ஸ்டீபன்ராஜை அனுப்பினார். அவன் திரும்பிவந்து, "இருநூத்தி இருபதாம் அத்தான்" என்றான். கஸ்பார் காது சிவந்தது. இரண்டு மாசம் கழித்து அந்த வழியில் போகிற பஸ் கண்டக்டர் மலைச்சாமியிடம் சொன்னார். மலைச்சாமி, "இருநூத்தி எழுவதுன்னு கூசாமச் சொல்றாருண்ணே" என்றான். மேட்டுப்பட்டி வேதக்கோயில் உபதேசியார் வத்தலக்குண்டுப் பக்கம் சித்தையன்கோட்டைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போனார், அவரையும் விடவில்லை. முந்நூற்று நாற்பது. வங்கியில் கேஷியர் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். திரும்பிவந்தவர், "முந்நூத்தி எண்பது, அதுவும் கிடைக்கிறது சந்தேகமாம். பெரிய கிராக்கியாம் கஸ்பார்" என்றார்.

கஸ்பார் கொதித்தார். வாசலில் நின்ற இடத்திலேயே, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே, போகிற வருகிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்டார். "நீங்களே சொல்லுங்க சார். அஞ்சு பத்து ஏறுனா சரிங்கலாம். ஒரே சாமான், ஒரே கடை, நூத்தி அறுபது முந்நூத்தி எண்பது ஆகுதுன்னா அது வெலையா, வழிப்பறியா? எவன் வாங்குறான் இந்த வெலைக்கு? அவனைச் சொல்லணும். அந்த மடப்பய வாங்கப் போய்த்தான நம்மளுக்கு வெலை ஏறுது!" டெபாசிட் போட வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நழுவினார்கள்.

வீட்டில் அவருக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தாள் வியாகுலம்மாள். அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர், அதட்டினால் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாயை மூடும். இருபது வருஷத்தில் அடங்காத ஒரே ஆள் கஸ்பார்தான். ஜன்னல் திட்டில் ஒன்பது டாங்கி வரிசையாக நின்றது. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற தின்னர் வாடையில் குழம்பு மணமே தெரியவில்லை. தன் நகவெட்டி, புருவம் திருத்துகிற இடுக்கி, ரவை சலிக்கிற சல்லடை எல்லாம் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏங்க, நான் தெரியாமத்தான் கேக்கறேன். சின்னாளப்பட்டிச் சுங்குடி எழுபது ரூவாய்க்கு எடுத்தா ரெண்டு வருசம் கட்டுவேன். இதை எழுபது ரூவாய்க்கு வாங்கி என்ன பண்ணப் போறீங்க? சண்டைக்குப் போவுதா? பால் கறக்குதா?"

"பேசாமப் போ."

"எங்கிட்ட மட்டும் பேசாமப் போ. ரேஷன் கடையில என்ன பேசறாங்கன்னு தெரியுமா? நெச டாங்கியில ஒளிஞ்சு உக்காந்த ஆளு இப்ப பொம்மை டாங்கியோட உக்காந்திருக்காருன்னு சொல்றா ஒருத்தி. நான் பையோட திரும்பி வந்துட்டேன்."

கஸ்பார் எழுந்து நின்றார். எந்த வீட்டுக்காரி என்று கேட்டார். வியாகுலம்மாள் சொல்லவில்லை. அவர் கேட்ட குரலுக்குச் சொல்லியிருந்தால் வினைதான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பீரோவிலிருந்து பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினார். இனி தந்திரமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்கிற முடிவுக்கு வந்திருந்தார்.

ஜப்பார் அவரைக் கண்டதும் எழுந்தார். "வாங்க மிலிட்டரி, ஆயுசு நூறு. முந்தாநாத்துதான் மச்சான் வந்தாரு. நீங்க எப்பவோ கேட்ட செஞ்சூரியன், ஒண்ணே ஒண்ணு" என்று மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்கினார். "நானூத்திப் பத்து."

"பாய்! அடுக்குமா இது?"

"அடுக்காதுதான். நானே மச்சான்கிட்டச் சண்டை போட்டேன். அவரு என்னைத் திட்டுறாரு, நீதான மச்சான் மாசத்துக்கு ஒரு கடுதாசி போட்ட, ஊரே இதைக் கேக்குதுன்னு. இதுக்காக ஒரு டேப்ரிக்கார்டரையே விட்டுட்டு வந்திருக்காரு. பொய்யில்லை மிலிட்டரி, என்ன மாயமோ தெரியலை. பத்து வருசமாக் கடை வச்சிருக்கேன், டாங்கிப் பெட்டியை உங்களைத் தவிர ஒருத்தர் தொட்டதில்லை. இந்த வருசம் பாருங்க, பேரைச் சொல்லியே கேக்கறாங்க." ஜப்பார் விரலை மடக்கினார். "சட்டையில இங்க் கறையோட ஒரு ஆளு வந்தாரு, திண்டுக்கல்லாம். அப்புறம் நம்ம ரூட்டுக் கண்டக்டர். கோயில்காரர் ஒருத்தர், கழுத்துல செபமாலை போட்டுக்கிட்டு. கடைசியா ஒரு பேங்குக்காரரு. ஒவ்வொருத்தரு வந்து போனதும் மச்சானுக்கு எழுதினேன், அவரும் ஏத்திட்டாரு. கிராக்கி இருந்தா ஏறத்தான செய்யும்?"

நாலு விரல் மடங்கி நின்றது. கஸ்பார் அந்த நாலு விரலையே பார்த்தார். இங்க் கறை ஸ்டீபன்ராஜ். கண்டக்டர் மலைச்சாமி. செபமாலை உபதேசியார். பேங்குக்காரர் கேஷியர். வாங்குகிற மடப்பயல் யார் என்று ஆறு மாசமாக ஊரெல்லாம் கேட்டாரே, அந்த மடப்பயல் காக்கிக் கால்சட்டையோடு கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இடது காது மட்டுமில்லை, அன்றைக்கு வலது காதும் சிவந்தது. எல்லாம் நான் அனுப்பின ஆள்தான் பாய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் விலை குறையலாம். வாய் வரவில்லை. தன்மேல் வருகிற கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பாயைப் பார்த்து, "துணியில சுத்திக் குடுங்க, பஸ்ஸுல நசுங்கிப் போவும்" என்று கத்தினார்.

ஜப்பார் பணத்தை வாங்கிக்கொண்டு தயங்கினார். "ஒரு சங்கதி கேக்கட்டா? இதுக்கு இம்புட்டு வெலை தகுமா மிலிட்டரி? விக்கிறவன் கேக்கக் கூடாதுதான்."

"ஒட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் கஸ்பார்.

அது பேச்சுக்குச் சொன்னதில்லை. இருபத்தோரு நாள் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்தார். வங்கியிலிருந்து நாலு மணிக்கு வருவார், வெளிச்சம் இருக்கிற வரைக்கும் வேலை. துண்டுகள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து ஒட்டினார். லாரிப் பட்டறையில் கேட்டு வாங்கிய பச்சைப் பெயின்ட்டில் மண்ணைக் குழைத்து அடித்தார். டிரைவர் மூடியை மட்டும் கடைசி வரைக்கும் பொருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயம். இந்தக் கம்பெனிக்காரன் பொய் சொல்ல மாட்டான். இதிலும் திறந்துகொண்டால் என்ன செய்வது? பெருமாள்சாமி சொன்னது சரியென்று ஆகிவிடும். ரேஷன் கடையில் ஒருத்தி சொன்னதும் சரியென்று ஆகிவிடும். மிதித்து உடைக்க அளவு தப்பு என்கிற சாக்கும் இருக்காது.

இருபத்தோராவது நாள் குண்டூசிக் கீலை வைத்தார். பீரங்கியை வலது பக்கம் திருப்பினார். முழுக்கத் தாழ்த்தினார். மூடிக்கு அடியில் நகத்தைக் கொடுத்தார்.

நெல்மணி அளவு எழும்பியது. டக்கென்று குழாயில் முட்டி நின்றது.

"வியாகுலம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கஸ்பார் அழுதுகொண்டிருந்தார். அழுகையிலும் கோபம்தான் இருந்தது. "கண்ணை மூடு. மூடுங்கறேன்ல!" என்று அவள் கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்தார். "திற இதை." அவள் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தைந்தால் பெருக்கினால் இரண்டு விரல் என்றார். போலி டாங்கி அவரைப் பயங்காட்டியதைக்கூடச் சொன்னார்.

வியாகுலம்மாள் இன்னொரு தரம் மூடியை நெம்பிப் பார்த்தாள். அப்புறம் கரண்டியை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு? வளையலைக் கழட்டிக் குடுத்திருப்பேன்ல. ரெண்டு வருசமா உங்களைப் பைத்தியம்னு நெனைச்சுக்கிட்டு ஒரே வீட்டுல சோறு பொங்கிப் போட்டேனே!" அன்றைக்கு மீன் குழம்பு தீய்ந்துபோனது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே அதைச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கஸ்பார் கிளம்பினார். பழைய வேட்டியில் சுற்றிய டாங்கி மடியில். பழநி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் முட்டையா என்று கேட்டார், கஸ்பார் சுருளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக ஒரே வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். 'என்னை உள்ள வச்சுப் பூட்டினது யாரு தெரியுமா? பீரங்கியைத் திருப்பின உன் கை.' பதினைந்து வருஷம் தன்னை ஊருக்கு முன்னால் கூனவைத்த ஆளை இந்த ஒரு வாக்கியத்தில் சாய்த்துவிட வேண்டும். அதற்குத்தான் நானூற்றுப் பத்து ரூபாய்.

பெருமாள்சாமி பாலசமுத்திரத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். மனைவி வீரலட்சுமி சாமான் எடுத்துக் கொடுப்பாள், காசு வாங்குவது அவர். நாலணா எது, எட்டணா எது, எது செல்லாதது என்பது அவர் கட்டைவிரலுக்குத் தெரியும். கடை முன்னால் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"டிரைவருங்களா? மறுக்கா எதுக்குங்க வந்தீங்க?"

கஸ்பார் வேட்டிச் சுருளைப் பிரித்து, மிட்டாய் பாட்டில்களுக்கு நடுவில் டாங்கியை வைத்தார். பெருமாள்சாமியின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் விரல் சங்கிலியில் பட்டுவிட்டது.

விரல் நின்றது. அப்புறம் தானாக நகர்ந்தது. சங்கிலி, பக்கத் தகடு, பின்பக்கத்துப் பெட்டி, மேலே தலைப்பகுதி, கமாண்டர் நிற்கிற வட்டம். பீரங்கிக் குழாயை அடியிலிருந்து நுனிவரை தடவினார். குழாயின் நடுவில் இருக்கும் தடித்த பாகத்தில் விரல் வந்ததும் அதை இரண்டு தடவை சுற்றித் தடவினார்.

"நம்ம வண்டி" என்றார்.

"தலை சுத்தும். கடைசியா நீ எந்தப் பக்கம் திருப்பினியோ அந்தப் பக்கம் திருப்பு" என்றார் கஸ்பார்.

பெருமாள்சாமி யோசிக்கவே இல்லை. வலது பக்கம் திருப்பினார், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார், தாழ்த்தினார். பதினைந்து வருஷமாக ராத்திரி பகல் அதையே திருப்பிக்கொண்டிருந்த கை.

"இப்ப என் மூடியைத் திற."

நகம் மூடியைத் தேடிப் போனது. நெம்பியது. டக். மறுபடி நெம்பியது. டக். பீடிக் கட்டு கேட்டு வந்த ஒரு ஆளை வீரலட்சுமி அப்புறம் வாங்க என்று அதட்டி அனுப்பினாள். பெருமாள்சாமி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார், இரண்டு கையாலும் நெம்பினார்.

"ஏலே ஒடிச்சுப்புடாத! நானூத்திப் பத்து ரூவா!" என்று கஸ்பார் அலறினார்.

"நானூத்திப் பத்தா?" பெருமாள்சாமி தலையைத் தூக்கினார். "எந்தக் கொள்ளைக்காரனுங்க அவன்?"

கஸ்பார் வாய்திறக்கவில்லை. திறந்தால் தன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெருமாள்சாமியின் விரல் திரும்பவும் குழாய்க்குப் போனது. குழாய்க்கும் மூடிக்கும் நடுவில் இருந்த சந்தில் விரல் நுனியை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. "உள்ள இருந்த உங்களுக்கு நான் கத்தினது கேட்டுச்சுங்களா?" என்றார்.

"கேட்டுச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

கஸ்பாருக்கு அந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. உன் கை. அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் அந்தக் கை குழாயை விட்டுவிட்டு மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தார். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தக் கைக்கே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷக் கோபத்தை இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அதற்கும் கோபம்தான் வந்தது.

"நான்தானுங்களா?" என்று கேட்டார் பெருமாள்சாமி.

"எதிரி சுட்டான். வேற யாரும் இல்லை" என்றார் கஸ்பார், சண்டை போடுகிற குரலில்.

பெருமாள்சாமி பீரங்கியை உயர்த்தினார். மெதுவாக இடது பக்கம், தன்னால் முடிந்த மட்டும் தள்ளித் திருப்பினார். பிறகு தடவித் தடவி வந்து டிரைவர் மூடியின் அடியில் நகத்தைக் கொடுத்தார். அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. திறந்த பொந்துக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

"கஸ்பாரண்ணா" என்றார். "தெறந்துட்டனுங்க. வெளிய வாங்ணா."

கஸ்பார் கடைக்கு வெளியேதான், நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.